ஆனைக்கரையில் இறக்கி வைத்த பெட்டி

தீபாவளிக்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பினோம். பதினொரு மாதம் பாடுபட்டுக் கட்டிய வண்டிக்கு அதுதான் முதல் நீண்ட ஓட்டம். குமுளியைத் தாண்டி ஆனைக்கரையில், ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் மூன்று இரவு தங்குவது திட்டம். தங்கியது ஓர் இரவு. போன வண்டியில் பாதிதான் திரும்பி வந்தது.

வேலை நடக்கும்போது இங்கே போட்ட படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் அளவும் செலவும் கேட்டிருந்தீர்கள். எல்லாம் தருகிறேன். ஆனால் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பட்டறைக்குப் போங்கள்.

வண்டி நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்அப். ஐந்து லட்சத்து எண்பதாயிரத்துக்கு வாங்கினோம். என் கணவர் சிவராஜுக்குத் தென்னந்தோப்பும் தேங்காய்நார்க் கழிவு உரம் போடும் தொழிலும் உண்டு. வாரத்தில் நான்கு நாள் வண்டி உரம் ஏற்ற வேண்டும். அதனால் வீடு மாதிரி நிரந்தரமாகக் கட்டிக்கொள்ள முடியாது. தேவையானபோது தூக்கி வைத்து, மற்ற நாளில் இறக்கி வைக்கிற பெட்டிதான் வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். எனக்கு அப்போது அதில் பெரிய ஆசை கிடையாது. பள்ளி அலுவலகத்தில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் பக்கத்துச் சித்தூரில் வெல்டிங் பொறி பார்த்துக்கொண்டு கழித்தேன்.

கட்டியவர் சித்தூர் வேலுச்சாமி. தேங்காய் லோடு வண்டிகளுக்கு பாடி கட்டுகிறவர். "இத்தன வருசத்துல எறங்கற பாடி இதுதானுங்க மொதலு" என்று சொல்லிச் சொல்லியே வேலை பார்த்தார். எட்டடி நீளம், ஆறடி அகலம். ஒன்றேகால் அங்குலச் சதுரப் பைப்பில் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, நடுவில் தெர்மாகோல், உள்ளே பிளைவுட். ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு. மொத்தம் நானூற்றிருபது கிலோ. பெட்டிக்கு மட்டும் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூறு ஆனது.

நான்கு மூலையிலும் திருகு ஜாக்கி வைத்த இரும்புக் கால்கள். கொக்கிகளைக் கழற்றி, கால்களைத் தரையில் ஊன்றி, ஜாக்கியைச் சுற்றினால் பெட்டி நாலு அங்குலம் மேலே எழும்பும். வண்டியை மெதுவாக முன்னால் எடுத்துவிட்டால் பெட்டி நான்கு காலில் தனியாக நிற்கும். இரண்டு பேர் செய்தால் இருபத்தைந்து நிமிடம். வேலுச்சாமி கதவுக்குப் பக்கத்தில் கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்றைப் பதித்துக் கொடுத்தார். குமிழி நடுவில் நின்றால்தான் இவருக்குச் சோறு இறங்கும்.

பொள்ளாச்சி, உடுமலை, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம், குமுளி என்று போனோம். எங்கள் மீட்டரில் 268 கிலோமீட்டர். பழனிக்கு முன்னால் இட்லி, தேனியில் டீ. பெட்டி ஏற்றிய வண்டி லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தது. குமுளி மலைப்பாதையில் மட்டும் காற்று பிடித்துத் தள்ளியது, இரண்டாம் கியரிலேயே ஏறினோம். ஆனைக்கரையிலிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் ஜீப் பாதை. அதற்கு மட்டும் நாற்பது நிமிடம். ஒரு மணி ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தோட்டம் கம்பத்துக்காரர் ஒருவருடையது. என் கணவரிடம் உரம் வாங்குகிறவர். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் சமதளம் இருக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்திய இடம். ஒரு பக்கம் ஸ்டோர், மூன்று பக்கமும் ஏலச்செடி. சரிவில் அறுபது அடி கீழே ஒரு ஓட்டு வீடு. அதில் காவலும் தோட்டப் பொறுப்புமாக இருந்தவர் பேச்சிமுத்து, அவர் மனைவி தங்கமாரி, ஏழு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம்.

பேச்சிமுத்து வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். ஸ்டோர் முற்றத்தில் நிறுத்தினால் நல்லது என்றார். அங்கே காய் காயப்போடுவார்கள், இடைஞ்சல் வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். மூன்று மணிக்குப் பெட்டி நான்கு காலில் நின்றது. குமிழி நடுவில். இவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு மழை பிடித்தது. அங்கே ஐப்பசியில் தினமும் மத்தியானத்துக்கு மேல் அப்படித்தான். ஐந்து மணிக்கு விட்டது. டீ போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். பாத்திரத்தில் பால் ஒரு பக்கமாக ஏறி நின்றது. ரசமட்டத்தில் குமிழி ஓரத்துக்குப் போயிருந்தது. பள்ளத்தைப் பார்த்த வலது பக்க முன்கால் இறங்கியிருக்கிறது. புதுமண், மழையில் இளகியிருக்கும் என்று இவர் காலின் அடித்தகட்டுக்குக் கீழே ஒரு பலகையை வைத்து ஜாக்கியைச் சுற்றினார். குமிழி நடுவுக்கு வந்தது.

அன்று இரவு இருவரும் நன்றாகத் தூங்கினோம்.

வெள்ளி காலை ஆறு இருபதுக்குக் கண் விழித்தபோது கதவு திறந்திருந்தது. தாழ் போட்டுவிட்டுத்தான் படுத்தோம். தாழ் போட்டபடியே இருந்தது, அதன் நாக்கு மட்டும் சட்டத்தை விட்டு வெளியே வந்திருந்தது. கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வெளியே பனிமூட்டம், பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. குமிழி மறுபடியும் அதே ஓரத்தில். கடுகு டப்பா மேடையிலிருந்து வழுக்கிக் கட்டில்மேல் கிடந்தது.

இவருக்கு எரிச்சல். வேலுச்சாமி கதவை ஒழுங்காக மாட்டவில்லை, கால் தகடு சின்னதாகப் போய்விட்டது என்று இரண்டு பழியையும் சித்தூர் மேல் போட்டார். ஆனைக்கரை போய் அகலப் பலகை நாலு வாங்கி வருகிறேன் என்று எட்டே காலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் சமையல் வேலை இருக்கிறது என்று இருந்துவிட்டேன். வண்டிச் சத்தம் வளைவில் குறைந்து நின்றது. அதற்கப்புறம்தான் அந்த இடத்தின் அமைதி தெரிந்தது. ஏலத்தோட்டத்தில் காலையில் குருவிச் சத்தம் காதைத் துளைக்கும் என்பார்கள். ஒன்றுகூட இல்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயை மூடவில்லையோ என்று பார்த்தேன், மூடியிருந்தது. தொட்டியைத் தட்டிப் பார்த்தேன், ஒழுகவில்லை. ஓடை ஏதாவது பக்கத்தில் இருக்கும் என்று வெளியே இறங்கினேன். இறங்கியதும் சத்தம் இல்லை. பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஈரமண்ணும் சருகும்தான். மேலே ஏறினேன். மறுபடியும் சத்தம். காலுக்குக் கீழிருந்து வந்தது. தூரத்தில் யாரோ பெரிய அண்டாவில் நீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல, நிற்காமல்.

மூன்று முறை ஏறி இறங்கினேன். மூன்று முறையும் அப்படியே. நான்காவது முறை வெளியே நின்றபடி அந்த வலது முன்காலைக் கையால் பிடித்தேன். இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போது பைப்பைப் பிடித்தால் எப்படி இருக்கும், அதுபோல. அங்கே மோட்டார் கிடையாது. ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. கையை எடுத்துவிட்டேன். யாருடைய கையையோ பிடித்துவிட்டது மாதிரி இருந்தது.

தனியாக அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கீழே தங்கமாரி வீட்டுக்கு இறங்கினேன். அவர்கள் நாய் பாதிப் படி வரை வந்து என்னைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. கூப்பிட்டும் அதற்கு மேலே ஒரு படி வரவில்லை. நாலு நாளாகவே அது மேலே ஏறுவதில்லை என்று தங்கமாரி சொன்னாள்.

முப்பது வயதுக்குள்தான் இருப்பாள். குடத்துக்குள் துணியைக் கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர், டீ நிறத்தில் இருந்தது. மழை நாளில் கலங்கும், ஆனால் இப்படி நிற்காமல் கலங்கி வந்ததில்லை என்றாள். பேச்சோடு பேச்சாக, பக்கத்து அறையில் இருந்த மூன்று வடக்கத்திப் பையன்களைப் பற்றிச் சொன்னாள். காய் எடுக்க வந்தவர்கள். போன வாரம் ஒரு காலை எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. தட்டும் சட்டியும் அப்படியே கிடந்தன. முந்தின நாள் அவர்களில் ஒருவன் இவளிடம் எதையோ சொல்ல வந்திருக்கிறான். பாஷை தெரியவில்லை. தரையைக் காட்டினான், காதைக் காட்டினான், பிறகு கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். காது வலிக்கிறது போல என்று இவள் கைவைத்தியம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நான் கேட்ட சத்தத்தைச் சொன்னேன். தங்கமாரி கையில் இருந்த துணியைப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"அம்மியில அரைச்சா முந்தி கல்லுச் சத்தம் கேக்கும்க்கா. இப்பம் பானையத் தட்டுன மாதிரி கேக்குது. இவுககிட்ட சொன்னேன், உனக்கு மண்டைக்குள்ள கேக்குதுன்னுட்டாக."

அவள் மனதில் வேறொன்று இருந்தது. அந்தச் சமதளம் கருப்பசாமி நடக்கிற தடம் என்று அவள் மாமியார் சொல்லியிருக்கிறாராம். அதில் யாரும் படுக்கக் கூடாது. நீங்கள் பெட்டியைக் குறுக்கே வைத்துவிட்டீர்கள், கோபம் உங்கள் மேல் வரக் கூடாது, நகர்த்திவிடுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. சமையலறைக்குள் போய் அம்மிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அவளுடைய பையன் அங்கேயே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

பதினொன்றரைக்கு இவர் பலகைகளோடு வந்தார். நான் சொன்னதைப் பாதிதான் காதில் வாங்கினார். பலகை வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கால்கள் நேராக இல்லை. முன்கால் இரண்டும் கீழே விரிந்து, கவட்டை மாதிரி நின்றன. டேப்பை எடுத்துவரச் சொன்னார். அந்த இரண்டு கால் தகடுகளுக்கும் நடுவே எழுபத்தெட்டு அங்குலம் இருக்க வேண்டும். எண்பதே கால் இருந்தது. மறுபடி அளந்தார். எண்பதே கால்.

"ஏ கோமதி, இது எறங்கல" என்றார். "கால் ரெண்டும் வெலகிப் போயிருக்குது. மண்ணுதான் வெலகுது."

பெட்டிக்கு அடியில் சருகைக் கையால் தள்ளினோம். விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். அது நேராக இரண்டு முன்கால்களுக்கும் நடுவில் போனது. சருகைத் தள்ளிக்கொண்டே அதன்கூட நடந்தோம். ஏலச்செடிக்குள் புகுந்து, ஸ்டோரின் பின்சுவரை ஒட்டி வளைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. நாற்பத்திரண்டு எட்டு நடந்தேன். கடைசிப் பக்கம் என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று கையில் பட்டது. மண்ணுக்குள்ளிருந்து காற்று வரும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. விரிசலின் வளைவு முழுக்கக் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தது. கீழே அந்த ஓட்டு வீடு.

அங்கே டவர் கிடையாது. பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் ஒரு வளைவில் கிடைக்கும். இவர் பேச்சிமுத்துவைத் தேடிப் போய், செடிக்குள் இருந்தவரைக் கூட்டிவந்து விரிசலைக் காட்டினார். மணி ஒன்றே கால். பேச்சிமுத்து பார்த்தார். மழைக்காலத்தில் மண் வெடிக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வருவார், அவரிடம் காட்டலாம் என்றார். குரலில் உறுதி இல்லை, ஆனால் ஆள் அசையவில்லை. ஸ்டோருக்குள் உலர்த்திய காய் ஆறு மூட்டை இருந்தது. அதற்குச் சாவி அவர் இடுப்பில்.

"காய விட்டுட்டு எறங்கிட்டேன்னா அப்புறம் இந்த மலையில எனக்கு எவன் சோலி தருவான் அண்ணாச்சி?"

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நேற்று மூன்றரைக்கு மழை வந்தது நினைவுக்கு வந்தது. நான் பேச்சிமுத்துவைப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனேன். அந்த வலது முன்காலில் காதை வையுங்கள் என்றேன். என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து இரும்பில் காதை வைத்தார்.

ஒரு நிமிடம் இருக்கும். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் கையை நீட்டி, "அங்கனதாம்க்கா பிள்ளைக படுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியில் ஓடினார்.

பெட்டியை ஏற்றிவிட்டால் எல்லோரும் அதற்குள்ளேயே உட்கார்ந்து போகலாம் என்று இவர் நினைத்தார். இருபத்தைந்து நிமிடம்தானே. முன்கால் ஜாக்கியைச் சுற்றினார். திருகு வளைந்திருந்தது, அரைச் சுற்றோடு நின்றுவிட்டது. சுத்தியலை எடுத்தார். அடி விழுந்ததும் பெட்டி ஒரு பக்கமாக முனகியது. விரிசல் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் உள்ளே சரிந்தது. அது அடியில் போய் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

"ஏனுங்க, விட்டுப்போட்டு வாங்க" என்றேன்.

இவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பதினொரு மாதம். ஒவ்வொரு திருகும் இவர் கையால் போட்டது. பெட்டிக்குள் ஏறி எங்கள் பையையும் மருந்து டப்பாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏறியபோது காலுக்குக் கீழே அந்தச் சத்தம் காலையில் கேட்டதைவிடப் பக்கத்தில் இருந்தது. இறங்கிப் பார்த்தால் இவர் வண்டியை ஸ்டோர் முற்றத்துக்கு ரிவர்ஸில் எடுத்துக்கொண்டிருந்தார்.

காலி வண்டியில் காய் மூட்டை ஆறையும் ஏற்றினோம். பேச்சிமுத்துவால் அதற்குப் பிறகுதான் மூச்சு விட முடிந்தது. மூட்டைகள் மேல் பேச்சிமுத்து, துணிமூட்டை, ஓர் ஆடு, மடியில் நாய். தங்கமாரியும் பிள்ளைகளும் என்னோடு முன்னால். தங்கமாரி கடைசியாக வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டிவிட்டு, படியில் நின்று மேலே எங்கள் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். பனிமூட்டம் மறுபடியும் இறங்கி, பெட்டியின் கால்கள் மறைந்துபோய், அது அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. இரண்டு நாற்பதுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் அந்தப் பெண் பிள்ளை, "நம்ம வீட்டுக்குள்ள யாரும்மா இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டாள். யாரும் இல்லை என்றாள் தங்கமாரி. "அப்பம் யாரு கீழ நடக்கா?" என்றாள் பிள்ளை. அவளும் கேட்டிருக்கிறாள், இத்தனை நாளாக.

மூன்றரைக்கு ஆனைக்கரை வந்தோம். மழை ஏற்கெனவே பிடித்திருந்தது. பேச்சிமுத்துவின் சித்தப்பா வீட்டில் அவர்களை இறக்கினோம். பஞ்சாயத்து மெம்பர் மலையாளி, நடுத்தர வயதுக்காரர். விரிசலை என் கணவர் போனில் எடுத்திருந்த படங்களைப் பார்த்ததும் குடையைக்கூட எடுக்காமல் எழுந்து வந்தார். வில்லேஜ் ஆபீசுக்குப் போன் போட்டார். அந்தப் பாதையில் இன்று யாரும் போகக் கூடாது என்று வளைவில் கயிறு கட்டச் சொன்னார். கம்பத்து முதலாளியிடமும் அவரே பேசினார். காயும் ஆட்களும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று கேட்டதும், முதலாளி போனைப் பேச்சிமுத்துவிடம் கொடுக்கச் சொல்லி, நல்ல காரியம் செய்தாய் என்றாராம். பேச்சிமுத்து அதை எங்களிடம் இரண்டு முறை சொன்னார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பேச்சிமுத்துவோடும் மெம்பரோடும் வில்லேஜ் ஆபீஸ் ஆட்களோடும் போனோம். எதிர் மலையில் இருக்கிறவர்கள், முந்தின நாள் மாலை ஐந்தரைக்கு, லாரியில் மணல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். பெரிய சத்தம்கூட இல்லையாம்.

உருள்பொட்டல் என்று அங்கே சொல்லும் மலைச்சரிவு என்றால் மலையே வழிந்து கிடக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. செடிகள் அப்படியே நின்றன. ஸ்டோர் அப்படியே, பின்சுவர் மட்டும் இல்லாமல் நின்றது. சமதளம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி. முப்பதடி அகலம் இருக்கும், கிணறு வெட்டியதுபோல் செங்குத்தான சுவர். கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போன ஒருவர், எங்கள் பெட்டி இருபதடி ஆழத்தில், கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்தபடியே நிற்பதாகச் சொன்னார். அதற்கும் கீழே தண்ணீர் ஓடுகிறதாம்.

தங்கமாரி வீடு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே ஆகாததுபோல் இருந்தது. கூரையில் ஓர் ஓடுகூட உடையவில்லை. பூட்டும் தொங்கியது. பேச்சிமுத்து பூட்டைத் திறந்தார். சமையலறைத் தரை கிடையாது. அம்மி கிடையாது. ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய் திறந்து, அதிலிருந்து செந்நிறத் தண்ணீர் கொப்பளித்து, பின்சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பையன் படுத்திருந்த பாய் சேற்றோடு சுவரில் ஒட்டிக் கிடந்தது. பேச்சிமுத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தங்கமாரி வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

வில்லேஜ் ஆபீஸ் ஆட்களோடு வந்திருந்த பொறியாளர் சொன்னது இதுதான். மழைத்தண்ணீர் மண்ணுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, குழாய் மாதிரி ஒரு வழி போட்டுக்கொள்ளும். மேலே ஒன்றும் தெரியாது. வழி பெரிதாகப் பெரிதாக மேல்மண் ஒரு நாள் உள்ளே விழும், கீழே எங்கேயாவது வாய் திறக்கும். அந்த மலைகளில் வேறு இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. அந்தச் சமதளத்தில் கனமான எதுவும் இதுவரை நான்கு புள்ளியில் ஊன்றி நின்றதில்லை, அதனால்தான் உங்களுக்கு முதலில் தெரிந்தது என்றார். உங்கள் பெட்டி வைக்காவிட்டாலும் விழுந்திருக்கும் என்றும் சொன்னார். இவர் அந்தக் கடைசி வரியை மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். முந்தின நாளிலிருந்தே அந்தக் கேள்வியோடுதான் இருந்திருக்கிறார் போலும்.

இனி, இதுபோல் கட்ட நினைக்கிறவர்களுக்கு. இறங்கும் பெட்டி நல்ல யோசனைதான், இப்போதும் சொல்கிறேன். கால் தகடு ஓரடிக்கு ஓரடி வையுங்கள், எங்களுடையது எட்டு அங்குலம், போதாது. ஜாக்கித் திருகு வளைந்தால் கழற்றி எடுக்க வழி வைத்துக் கட்டுங்கள். மலையில், வெட்டிக் கொட்டிய மண்மேல் பெட்டியை இறக்காதீர்கள். பாறையோ பழைய தார்ப்பாதையோ கிடைத்தால்தான் இறக்குங்கள், இல்லாவிட்டால் வண்டி மேலேயே வைத்துத் தூங்குங்கள். ஒருமுறை மட்டம் தவறினால் மண் இளக்கம். மறுபடியும் அதே பக்கம் தவறினால் பலகை தேடிப் போகாதீர்கள், டேப்பை எடுத்துக் கால்களுக்கு இடையே அளந்து பாருங்கள். அருகில் வீடு இருந்தால் அவர்களிடம் தண்ணீரின் நிறத்தைக் கேளுங்கள். பெட்டியை வண்டியோடு பற்றவைக்காமல் சுமையாக ஏற்றிப் போனதில் வழியில் எங்களை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் உங்கள் ஊர் ஆர்டிஓ ஆபீசில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கும் கிளம்பாதீர்கள். டீசல் போகவர ஐயாயிரத்துக்குள் அடங்கும். திரும்பும்போது வண்டி லேசாக இருந்ததால் இன்னும் குறைந்தது.

பேச்சிமுத்து இப்போது அதே முதலாளியின் இன்னொரு தோட்டத்தில், சாலையோரம் இருக்கிறார். குழியைச் சுற்றிப் பஞ்சாயத்து முள்கம்பி போட்டிருக்கிறது. பெட்டியை எடுக்கக் கிரேன் போகப் பாதை இல்லை, ஆள் இறங்க யாரும் அனுமதிக்கவும் இல்லை.

நாங்கள் ஊர் வந்து எட்டாம் நாள் தங்கமாரி போன் செய்தாள். குழிக்குள் விளக்கு எரிகிறது என்றாள். தினமும் பொழுது சாய்ந்ததும் தானாக எரிகிறது, விடிந்ததும் அணைகிறது. எதிர் மலையிலிருந்து பார்த்தால் மண்ணுக்குள்ளிருந்து வெளிச்சம் புகைபோல் எழும்புகிறதாம். காய் எடுக்கிற பெண்கள் நான்கு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போக மறுக்கிறார்கள். போனை வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கதவுக்கு வெளியே, இருட்டினால் தானே எரிகிற விளக்கு ஒன்றை இவர் மாட்டியிருந்தார். கூரையில் இருக்கிற சோலார் தகட்டில் உச்சி வெயில் இரண்டு மணி நேரம் பட்டால்கூடப் போதும். இவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த பேட்டரி எட்டு வருடம் வரும்.

இவருக்கு அது பொறுக்கவில்லை. ஜனங்களைப் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று, மெம்பரிடம் சொல்லி மேலேயிருந்து கல் எறிந்து அந்தத் தகட்டை உடைத்துவிடச் சொல்லலாம் என்றார். அதைச் சொல்லத்தான் நேற்று தங்கமாரியைக் கூப்பிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"முள்கம்பியப் பிடுங்கிட்டு ஆடு மேய்க்கப் பிள்ளைக போகுதுக்கா. கம்பிக்கு யாரும் பயப்படல. அந்த வெளிச்சத்துக்குத்தான் பயப்படுதாவ" என்றாள். "அணைக்க வேண்டாம்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன்.